கீழே கடை, மேலே குடித்தனம்

என் மகள் லண்டனில் ஒரு கடைக்கு மேலே குடியிருக்கிறாள். போன வருஷம் மூன்று மாதம் அங்கே தங்கிவிட்டு வந்தேன். "கடைக்கு மேலேயா?" என்று இங்கே நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்!

விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் கட்டடம். கீழே மருந்துக்கடை, மேலே இரண்டு மாடி. வேலையில்லாத கிழவன், தினமும் எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பேன். கடை முகப்பின் இரு பக்கமும் மரத்தில் செய்த தட்டையான தூண்கள், அவற்றின் தலையில் செதுக்கிய தாங்கிகள், நடுவே கடைப்பெயர் எழுதிய நீளப் பலகை. மழைத்தண்ணீர் அதில் வழியாதிருக்க மேலே ஒரு பிதுக்கம். மற்றதெல்லாம் அகலக் கண்ணாடி. 1845இல் அரசாங்கம் கண்ணாடி மேல் இருந்த வரியை எடுத்த பிறகுதான் இவ்வளவு பெரிய கண்ணாடி சாதாரணக் கடைக்காரனுக்குக் கட்டுப்படியானது. அதற்கு முன்னால் சின்னச் சின்னச் சதுரங்கள்தான். ஒரு வரியை எடுத்தால் தெருவின் முகமே மாறும் என்பதில், முப்பத்துமூன்று வருஷம் கோப்பு கட்டிய எனக்கு ஒரு திருப்தி.

கீழே சுவரே இல்லையே, மாடிச் சுவர் எதன்மேல் நிற்கிறது என்று முதலில் விளங்கவில்லை. பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெரிய உத்தரம்தான் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது. கடைக்கதவுக்குப் பக்கத்தில் குறுகலாக இன்னொரு கதவு. கடைக்காரர் குடும்பம் அந்த வழியாகத்தான் மேலே போகும்.

அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இரண்டாம் தரம். அந்நாட்டுப் பட்டியலில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தரம்தான். முகப்பு மட்டுமில்லை, உள்படிக்கட்டும் சட்டத்துக்குள் அடக்கம். அனுமதியில்லாமல் கைவைத்தால் குற்ற வழக்கு. மகளுக்கு இதில் எரிச்சல். கயிறும் எடைக்கட்டியும் வைத்து மேலும் கீழும் நகர்த்தும் பழைய சன்னல், ஒற்றைக் கண்ணாடி. குளிர்காற்று ஊசியாய் வரும். "உங்களுக்கென்னப்பா, மூணு மாசத்துல ஊருக்குப் போயிடுவீங்க. பழசைக் காப்பாத்தறோம்னு எங்களை விறைக்க வைக்கறாங்க" என்றாள். நியாயம்தான். கடைசியில் பழைய சன்னலைத் தொடாமல், உட்புறமாக இன்னொரு கண்ணாடிச் சன்னல் பொருத்த வீட்டுக்காரர் அனுமதி வாங்கினார்.

காப்பாற்றுவது என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். அதே தெருவில் சில கடைகளில் எப்போதோ பக்கக் கதவையும் படிக்கட்டையும் எடுத்துவிட்டுக் கடையை அகலமாக்கியிருக்கிறார்கள். மேலே போக வழியில்லை. அட்டைப்பெட்டியும் புறாவும்தான் குடித்தனம். கூரை ஒழுகினால் முதலில் தெரிவது மாடியில் படுத்திருப்பவனுக்குத்தானே? நியூ ஆக்ஸ்போர்டு தெருவில் ஜேம்ஸ் ஸ்மித் குடைக்கடையையும் போய்ப் பார்த்தேன். 1857 முதல் அதே இடத்தில் குடையும் கைத்தடியும் விற்கிறார்கள். அதுவும் பட்டியலில் உள்ளதுதான். ஆனால் இன்னும் குடை விற்பதால்தான் அந்த முகப்புக்கு உயிர் இருக்கிறது.

நான் பிரெஞ்சில் படித்தவன். 'பத்ரிமுவான்', அதாவது முன்னோர் சொத்து, என்றால் கோட்டையும் கோயிலும் என்றுதான் நினைத்திருந்தேன். கடைவீடும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களைப் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் குவிகிறார்கள். மேற்கே நம் பக்கம், கீழே திண்ணையும் மேலே பிரெஞ்சு வளைவுகளுமாகக் கட்டிய வீடுகளை நாமே இடித்துக்கொண்டிருக்கிறோம். 2014 மழையில் மேரி கட்டடம் விழுந்தபோது ஊரே அழுதது. எங்கள் வீடு விழுந்தபோது அழ ஆளில்லை. இடித்ததே நாங்கள்தான்.

கீழே அப்பாவின் மளிகைக்கடை, எண் போட்ட பலகைக் கதவுகள். கடைசிப் பலகை விழும் சத்தம் கேட்டதும் அம்மா மாடியில் தோசைக்கல்லைப் போடுவார். 1996இல் அண்ணன் தம்பி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது என்னுடையது. பங்கு பிரிக்க அதுதான் சுலபம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். இன்று அங்கே செல்போன் கடை, மேலே சரக்கு அறை.

இப்போது அக்கா மகன் அதே மாதிரி ஒரு வீட்டை இடிக்கட்டுமா என்று கேட்கிறான். "மாமா, தளம் ஒழுகுது, பணத்துக்கு எங்கே போறது?" வெறுமனே "இடிக்காதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியல் போடுகிற அரசாங்கம் அதில் குடியிருப்பவனுக்கு வீட்டு வரியைக் குறைத்து, பழுதுபார்க்கக் கடனும் கொடுக்கவேண்டும். அதைச் செய்யாமல் தடை மட்டும் போட்டால், வீடு தானாக விழும்வரை சொந்தக்காரன் காத்திருப்பான். அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: குளியலறையை மாற்று, சமையலறையை மாற்று, படிக்கட்டைத் தொடாதே, மாடிக்கு ஒரு குடித்தனத்தை வை.

ஒப்பந்தக்காரரிடம் பொங்கல்வரை தவணை கேட்டிருக்கிறானாம்.