துப்பறிவாளனின் அருகில் நிற்பவர்கள்

நுழையும்முன்

குற்றக்கதைகளைப் படிப்போர் துப்பறிவாளனின் கூர்மதியை வியப்பர்; அவனருகில் நிற்பவரை எளிதில் மறப்பர். ஆயினும், அந்தக் கூர்மதியை வாசகரின் கண்ணுக்குப் புலப்படுத்துபவர் அருகில் நிற்பவரே. துணைமாந்தர் இல்லையேல் துப்பறிவாளன் என்ன ஆவான்? காவிரிக்கரைக் கதையொன்றிலிருந்து தொடங்கி இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஜீயபுரத்துப் பாட்டி

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர் ஜீயபுரம். பங்குனித் திருவிழாவின்போது திருவரங்கத்து நம்பெருமாள் இவ்வூருக்கு எழுந்தருள்வது வழக்கம். அவ்வழக்கத்தையொட்டி ஒரு கதை வழங்குகிறது. ஜீயபுரத்தில் ஒரு மூதாட்டி தன் பேரனுடன் வாழ்ந்து வந்தாள். ஒருநாள் காவிரிக்குச் சென்ற பேரனை வெள்ளம் இழுத்துச் சென்றது. அவன் திரும்பாததைக் கண்ட மூதாட்டி அரங்கனை நினைந்து அழுதாள். அரங்கன் அப்பேரனின் உருவிலேயே வந்து, அவள் இட்ட எளிய உணவை உண்டான். அவ்வேளையில் வெள்ளத்தினின்று தப்பிய உண்மையான பேரனும் வீடு வந்து சேர்ந்தான். வந்தவன் யார், உண்டவன் யார் என்று மூதாட்டி திகைத்து நிற்கையில் அரங்கன் மறைந்தான் என்பர்.

பக்திக்கதையாக வழங்கும் இதனுள், குற்றக்கதையை விரும்புவோர் நன்கறிந்த உறுப்புகள் சில உள்ளன. ஒருவர் காணாமற்போகிறார், மற்றொருவர் அவருருவில் வருகிறார், முடிவில் உண்மை வெளிப்படுகிறது. இக்கதையின் தலைவன் அரங்கனே. எனினும், கதை நிற்பது மூதாட்டியின் மேல். அவளது கண்ணீர் இல்லையேல் அரங்கன் வருவதற்குக் காரணமில்லை. அவளது திகைப்பு இல்லையேல் அவன் யாரென்று வெளிப்படுவதற்கும் வழியில்லை. தலைவனின் பெருமையைத் தலைவனே சொல்லிக்கொள்ள இயலாது. அதைக் காட்டுவதற்கு வேறொரு முகம் வேண்டும். கதைக்கலையின் இந்த அடிப்படை வேறெந்தக் கதைவகையைக் காட்டிலும் துப்பறியும் கதையில் தெளிவாகப் புலப்படுகிறது.

வினவுவோர் வேண்டும்

துப்பறிவாளனின் வேலை பெரும்பாலும் அவன் மனத்துக்குள் நடப்பது. சேறு படிந்த செருப்பையோ அணைந்த விளக்கையோ அவன் பார்க்கிறான்; அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறான். அந்த முடிவுக்கு அவன் வந்த வழி வாசகருக்குத் தெரியாது. அவ்வழியை அவன் முழுவதும் மறைத்தால் கதை விளங்காது. தொடக்கத்திலேயே கூறிவிட்டால் புதிர் கலைந்துவிடும். இவ்விரு இடர்களுக்கும் நடுவே பாலமாக அமைபவர் துணைமாந்தர். ‘இதை எவ்வாறு அறிந்தீர்கள்?’ என்று அவர் வினவும்போதுதான் துப்பறிவாளனின் சிந்தனை மொழியாக மாறுகிறது.

இதனை அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். 1841இல் அவர் படைத்த துப்பன் என்னும் துப்பறிவாளனின் கதையைப் பெயர் சுட்டப்படாத நண்பர் ஒருவரே கூறுகிறார். 1887இல் ஆர்தர் கானன் டாயில் அறிமுகப்படுத்திய செர்லாக் ஹோம்சுக்கு மருத்துவர் வாட்சன் அமைந்தார். வாட்சன் அறிவற்றவர் அல்லர். போர்க்களம் கண்ட மருத்துவர். ஹோம்சு காணும் பொருள்களையெல்லாம் அவரும் காண்கிறார். அவற்றை இணைத்துப் பார்க்க மட்டும் அவரால் இயலவில்லை. வாசகரின் நிலையும் அதுவே. எனவே, வாட்சனின் தோளருகே வாசகருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

வாட்சன் இல்லாத ஹோம்சு எப்படியிருப்பார் என்பதற்குக் கானன் டாயிலே சான்று தந்துள்ளார். 1926இல் வெளியான இரு கதைகளை ஹோம்சு தாமே கூறுவதாக அவர் அமைத்தார். அவற்றில் அறிவுக்குக் குறைவில்லை, வியப்பு குறைந்துவிட்டது. தம் கதையைத் தாமே எழுத முற்படும்போதுதான் நண்பரின் அருமையை ஹோம்சு உணர்கிறார். ஒருவரது திறமையை அவரே விளக்கினால் அது பாடமாகிறது. அருகிலிருப்பவர் கண்டு கூறினால் கதையாகிறது.

செருக்கைத் தடுக்கும் கை

துணைமாந்தர் வெறும் வியப்பாளராக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஹோம்சின் கணிப்பு முற்றிலும் பிழையாகிப் போன கதையொன்று உண்டு. அதன் முடிவில் ஹோம்சு வாட்சனிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறார். இனித் தாம் தம் ஆற்றலை மிகையாக நம்புவதாகத் தோன்றினால், தாம் தவறிய அவ்வூரின் பெயரைத் தம் காதில் மெல்லச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறார். கூர்மதி படைத்தவன் தன் கடிவாளத்தைத் தானே நண்பனின் கையில் கொடுக்கும் இடம் அது. அறிவு தனியே நடந்தால் செருக்கில் தடுக்கி விழும் என்பதை அச்சிறு வேண்டுகோள் உணர்த்துகிறது.

வங்கமொழியில் சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் படைத்த பியோம்கேஷ் பக்சிக்கு அஜித் என்னும் எழுத்தாளர் துணையாகிறார். பியோம்கேஷின் மனைவி சத்தியவதியோ, ஒரு வழக்கின்வழியே அவன் வாழ்வில் வந்தவள். நண்பரும் மனைவியும் சேர்ந்தபின் அவன் வெறும் புதிர் அவிழ்ப்பவனாக நிற்கவில்லை. வீடும் உறவும் உடைய மனிதனாகிறான். சத்யஜித் ராய் 1965இல் படைத்த ஃபெலுடாவுக்கு முதலில் தம்பி முறையான தோப்சே மட்டுமே துணை. பின்னர் லால்மோகன் பாபு என்னும் சாகசக்கதை எழுத்தாளர் வந்து சேர்ந்தார். அவரது நூல்களில் உள்ள பிழைகளை ஃபெலுடா திருத்துகிறான். அவரது வெள்ளை உள்ளமோ ஃபெலுடாவின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகின்றனர்.

திருவரங்கம் தந்த இணை

ஜீயபுரத்தை அடுத்த முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. அவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தீவே திருவரங்கம். அங்குத் தம் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர் ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய சுஜாதா (1935–2008). திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும் சென்னையில் மின்னணுவியலும் பயின்ற பொறியாளர் அவர். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ என்னும் நூலில் தாம் வளர்ந்த தெருக்களின் மனிதர்களை உயிர்ப்புடன் தீட்டியவர். ஊரில் எவரும் சிறியவரல்லர் என்னும் அந்தப் பார்வையே அவருடைய குற்றக்கதைகளிலும் தொடர்ந்தது எனலாம்.

1968இல் குமுதம் இதழில் வெளிவந்த ‘நைலான் கயிறு’ புதினத்தில் வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமானான். தொடக்கக் கதைகளில் அவன் ஏறத்தாழத் தனியன். அறிவாளி, அளந்து பேசுபவன், உணர்ச்சியை வெளிக்காட்டாதவன். இவை வியக்கத்தக்க பண்புகளே. எனினும், வாசகர் நெருங்கிப் பழகத்தக்கவை அல்ல. இளைய வழக்கறிஞன் வசந்த் பிற்பாடு வந்து சேர்ந்தான். ‘பாஸ்’ என்று அவன் கணேஷை அழைக்கும் குரலில் மதிப்பும் குறும்பும் கலந்திருக்கும். அவன் துடுக்காகப் பேசுவான், கணேஷ் கண்டிப்பான். அவன் ஒரு நகைச்சுவைத் துணுக்கைத் தொடங்குவான். அது முடிவதற்குள் தடுக்கப்படும். இத்தகைய சிறு உரசல்களிலேயே கணேஷின் நிதானம் உருப்பெற்றது. நிதானத்தை அளக்க வேகம் வேண்டும்; மௌனத்தைக் கேட்கப் பேச்சு வேண்டும்.

‘கொலையுதிர் காலம்’ இவ்விணையின் பயனை நன்கு காட்டும் புதினம். அங்கு நிகழும் அச்சமூட்டும் நிகழ்ச்சிகளுக்கு அறிவியலே விடைதரும் என்பது கணேஷின் உறுதி. அறிவுக்கு எட்டாத ஆற்றலும் இருக்கக்கூடும் என்னும் பக்கம் வசந்த் சாய்கிறான். வசந்த் ஐயுறாவிட்டால் கணேஷின் அறிவியல் வெறும் அறிவிப்பாகவே நின்றிருக்கும். ஐயுற்றமையால், கணேஷ் தன் கொள்கையைச் சான்றுகொண்டு நிறுவ வேண்டியவனாகிறான். தலையாட்டும் துணையைவிட மாறுபடும் துணையே துப்பறிவாளனை வளர்க்கிறது.

பிறர் உருவாக்கிய துப்பறிவாளன்

தமிழ் இதற்கு மறுதலையான சான்று ஒன்றையும் தந்துள்ளது. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ அது. சாம்பு கூர்மதியாளன் அல்லன். வங்கி எழுத்தராக இருந்த அப்பாவி. அவன் தற்செயலாகத் தடுக்கி விழும் இடத்தில் குற்றவாளி அகப்படுவான். அத்தற்செயலை மதிநுட்பமாகக் கொண்டு பாராட்டுபவர் இன்ஸ்பெக்டர் கோபாலன். அவருடைய நம்பிக்கையும் ஊராரின் வியப்பும் மனைவி வேம்புவின் பெருமிதமும் சேர்ந்து சாம்புவைத் துப்பறிவாளன் ஆக்கிவிடுகின்றன.

வாசகர் இக்கதைகளைப் படித்துச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பினுள் ஓர் உண்மையும் உள்ளது. ‘துப்பறிவாளன்’ என்னும் பட்டம் ஒருவனது மூளைக்குள் மட்டும் விளைவதன்று, சுற்றியிருப்போர் வழங்குவது. வாட்சனின் வியப்பு ஹோம்சின் புகழுக்குத் துணைசெய்தது. கோபாலனின் வியப்போ சாம்புவின் புகழை வெறுங்கையாலேயே கட்டியெழுப்பியது. வினவாத வியப்பு எத்தகைய பிழையான பெருமையையும் உண்டாக்கிவிடும் என்பதைத் தேவன் நகைச்சுவையாகக் கூறி வைத்தார்.

மறுப்பும் குறையும்

குற்றக்கதையில் முதன்மையானது புதிரே, துணைமாந்தர் பக்கத்தை நிரப்புவோர் என்று கருதுவோரும் உளர். அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. புதிர் வலுவற்றதாயின் எத்தனை துணைமாந்தர் வந்தாலும் கதை நிற்காது. எனினும், ஒருமுறை விடையறிந்த புதிர் மறுமுறை புதிராக இருப்பதில்லை. குற்றவாளி யார் என்பதை அறிந்த பின்னரும் கணேஷ்–வசந்த் கதைகளை மீண்டும் படிப்போர் உள்ளனர். அவர்கள் திரும்பி வருவது விடைக்காக அன்று, அவ்விருவரின் உரையாடலுக்காக.

அதே வேளையில், துணைமாந்தரைக் குற்றக்கதைகள் நடத்தும் முறையில் உள்ள குறையையும் மறைத்தல் தகாது. பல கதைகளில் பெண்கள் கொலையுண்டவராகவோ காப்பாற்றப்பட வேண்டியவராகவோ அழகுப் பொருளாகவோ மட்டுமே வருகின்றனர். வசந்தின் துடுக்குப் பேச்சிலும் பெண்களை அவ்வாறு நோக்கும் பார்வை உண்டு. இன்றைய வாசகர் அதனைச் சிரித்துக் கடந்துவிடாமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ராஜேஷ்குமாரின் விவேக்குடன் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துடன் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனுடன் வைஜயந்தியும் இணைந்து வருவது ஒரு முன்னேற்றமே. ஆயினும், உடன் வருதல் வேறு. உடன் சிந்தித்தல் வேறு. துணையாக வரும் பெண் விடையின் ஒரு பகுதியைத் தானே கண்டறியும் கதையில் துப்பறிவாளனும் உயர்கிறான். அவள் வியப்பதற்கு மட்டுமே வரும் கதையில் அவனும் சாம்புவாகிவிடும் இடர் உண்டு.

ஆறுகள் வகுத்த தீவு

கணேஷ் வழக்கறிஞனாகப் படைக்கப்பட்டதும் எண்ணத்தக்கது. வழக்கறிஞன் உண்மையை அறிந்தால் மட்டும் போதாது; மன்றத்தில் பிறர் ஏற்கும்படி மெய்ப்பித்தாக வேண்டும். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்குத் தாங்காத உண்மை அங்கு உண்மையாக நிற்பதில்லை. வசந்தின் ஐயங்கள் கணேஷுக்கு அலுவலகத்திலேயே நடக்கும் முதல் குறுக்கு விசாரணை. எனவே, துணைமாந்தர் கதையின் அலங்காரம் அல்லர். உண்மையை உறுதிப்படுத்தும் முறையின் ஓர் அங்கமாவர்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். விடைகூறும் மாணவர் அனைவர் கண்ணிலும் படுகிறார். ‘விளங்கவில்லை’ என்று எழுந்து கேட்பவர் தயங்கித் தலைகுனிகிறார். அவர் கேட்ட பின்னரே பலருக்கும் பாடம் தெளிகிறது. விடைகூறியவரும் தம் விடையை மீண்டும் ஆராய்கிறார். வாட்சனாக இருப்பதில் இழிவில்லை. வினவும் துணிவின்றி வியந்து மட்டும் நிற்பதே இழப்பு.

முக்கொம்பில் பிரிந்த நீர் இருபுறமும் ஓடுவதாலேயே திருவரங்கம் தீவாகிறது. ஆறுகள் இல்லையேல் அந்நிலம் இருக்கும்; தீவு இராது. துப்பறிவாளனும் அத்தகையவனே. வினவுவோரும் தடுப்போரும் மாறுபடுவோரும் சூழ்ந்து நின்று அவனது கரைகளை வகுக்கின்றனர். அடுத்தமுறை ஒரு குற்றக்கதையைத் திறக்கும்போது, குற்றவாளியைத் தேடுவதோடு, துப்பறிவாளனின் அருகில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்பதையும் கவனித்தல் நன்று. கதையின் முதல் துப்பு பெரும்பாலும் அக்கேள்வியிலேயே இருக்கும்.