ரஹீமின் அணியும் ஆட்சியாளர்களின் ‘ஒற்றுமை’யும்

1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில், தென் கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றது. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தத் தங்கம் மீண்டும் கிட்டவில்லை. அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமின் வாழ்க்கையை, 2024 ஏப்ரல் மாதம் வெளியான ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் சொல்கிறது. அமித் சர்மா இயக்க, அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்துள்ளார்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பள்ளி ஆசிரியரை நாட்டின் நாயகனாகப் பெரும் பொருட்செலவில் திரையில் நிறுத்தியிருப்பது இன்றைய சூழலில் வரவேற்கத்தக்கதே. வெறுப்பை விதைக்கும் படங்களுக்கு ஆட்சியாளர்களே விளம்பரம் செய்து, வரிவிலக்கும் அளிக்கும் காலம் இது. ரஹீமை அவருடைய மதத்தைக் காட்டி நிறுத்தி, தேசபக்திக்குச் சான்று கேட்கும் இழிசெயலை இப்படம் செய்யவில்லை. அந்த நேர்மையை மறுப்பதற்கில்லை.

எனினும், தேச ஒற்றுமை எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு இப்படம் தரும் விடை தவறானது. வட்டாரப் பற்றுக் கொண்ட ஒரு பத்திரிகையாளரும், அவருக்குத் துணைபோகும் சம்மேளன நிர்வாகியும் இதில் வில்லன்கள். இவர்களை எதிர்த்து, நோயுற்ற உடலோடு, தனியொரு மனிதர் போராடி நாட்டை ஒன்றுபடுத்துகிறார். அதாவது, மாநில உணர்வு நோய். தலைவர் ஒருவரின் தியாகமே மருந்து. இன்று டெல்லியில் அமர்ந்திருப்போர் நாள்தோறும் ஓதும் பாடமும் இதுதான்.

வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. ரஹீம் வார்த்தெடுத்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தேசிய அணிக்கு அவர் கொண்டுவந்த ஆட்டமுறைகள் அந்தக் களத்தில் பிறந்தவை. பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே அணியின் வீரர். கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலிருந்து எழுந்தவர். துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தின் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஃபிராங்கோ கோவாவைச் சேர்ந்தவர். சந்திரசேகர் கேரளத்தவர். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி கொல்கத்தாவின் மோகன் பகான் வீரர். ஒவ்வொரு வட்டாரத்திலும் கால்பந்து தனித்தனியே வேரூன்றி வளர்ந்திருந்ததால்தான் அப்படியோர் அணி சாத்தியமாயிற்று. ரயில்வேயும் ராணுவமும் காவல்துறையும் ஏழை வீட்டு இளைஞர்களுக்கு வேலை கொடுத்து ஆடவும் வைத்தன. பன்முகத்தன்மையும் பொதுத்துறையும் சேர்ந்து ஈட்டிய தங்கம் அது.

இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த ஜர்னைல் சிங், லயால்பூர் பகுதியில் பிறந்து, தேசப் பிரிவினையின்போது சிறுவனாக இந்தியப் பஞ்சாபுக்கு வந்தவர். பிரிவினையின் காயம் ஆறாத காலத்தில் ஒரு முஸ்லிம் பயிற்சியாளரின் கீழ் அவர் ஆடினார். தலையில் தையல் போட்டிருந்த நிலையிலும் ரஹீம் அவரை முன்கள வீரராக நிறுத்தினார். தலையால் முட்டியே அவர் கோல் அடித்தார். அன்று அரங்கம் முழுவதும் இந்திய அணிக்கு எதிராகக் கூச்சலிட்டபோது, ஆதரவுக்குரல் எழுப்பியது பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அண்டை நாட்டின் மீது வெறுப்பு ஊட்டினால்தான் தேசபக்தி வளரும் என்போர் இதை எங்கே வைப்பார்கள்?

படம் திரையரங்குகளுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 11 அன்று, மதத்தை அளவுகோலாகக் கொண்ட குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகளை மோடி அரசு அறிவித்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏப்ரல் 21 அன்று, ராஜஸ்தானின் பான்ஸ்வாராவில் பேசிய பிரதமர், முஸ்லிம்களை ஊடுருவல்காரர்கள் என்றும் அதிகப் பிள்ளை பெறுவோர் என்றும் சித்தரித்தார். திரையில் ரஹீமுக்குக் கைதட்டல். வெளியே ரஹீமின் பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்குக் குடியுரிமைக் கேள்வி. இந்த முரண்பாட்டை எந்தப் பின்னணி இசையாலும் மறைக்க முடியாது.

இன்றைய இந்திய அணிக்கு ஏராளமான வீரர்களைத் தரும் மாநிலம் மணிப்பூர். 2023 மே 3 அன்று அங்கு கலவரம் வெடித்தது. சர்வதேச வீரர் சிங்லென்சனா சிங்கின் வீடும் எரிக்கப்பட்டது. ஜூலை 4 அன்று பெங்களூருவில் தெற்காசியக் கோப்பையை இந்தியா வென்றபோது, ஜீக்சன் சிங் மெய்தேய் சமூகத்தின் ஏழு வண்ணக் கொடியைப் போர்த்தி நின்று, மணிப்பூரின் துயரத்தை நாடு கவனிக்க வேண்டும், அமைதி வேண்டும் என்றார். அது ஒரு சமூகத்தின் கொடி என்ற விமர்சனமும் எழுந்தது. ஆனால், தேச ஒற்றுமைக்குப் பொறுப்பேற்றுள்ள பிரதமர் வாய் திறக்க ஜூலை 20 வரை காத்திருந்தார். அந்த மௌனத்தைக் கண்டிக்காதவர்களுக்கு ஓர் இளைஞனின் தோளில் கிடந்த துணியைக் கண்டிக்க என்ன தகுதி?

ரஹீமின் களம் இன்று யார் கையில்? சம்மேளனத்தின் வணிக உரிமைகள் 2010இல் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ரிலையன்ஸ் பங்குபெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் வழியே 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் ரயில்வே அணியும் இல்லை, காவல்துறை அணியும் இல்லை. காலாவதியான நிர்வாகத்தின் குளறுபடிகளால் 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அடுத்து நடந்த தேர்தலில் பாஜகவைச் சேர்ந்த கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றுத் தலைவரானார். நாடறிந்த வீரர் பைசுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே வாக்கு. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடமும் தோல்வி.

கார்ப்பரேட் லாபமும் வகுப்புவாத அரசியலும் கைகோத்தால் களத்தில் விளைவது இதுதான். ‘மைதான்’ இந்தக் கேள்விகளுக்குள் நுழையவில்லை. வில்லன்களைக் கடந்த காலத்தின் இரண்டு மனிதர்களாகச் சுருக்கியதன் மூலம், நிகழ்கால வில்லன்களை நிம்மதியாகப் பார்வையாளர் வரிசையில் அமர வைத்துவிட்டது.

இப்படத்தைத் தோழர்கள் பார்க்கட்டும். இளைஞர்களோடு அமர்ந்து விவாதிக்கட்டும். ஒவ்வொரு ஊரிலும் பொது மைதானம், ஒவ்வொரு பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியர், விளையாடும் ஏழை இளைஞனுக்கும் பெண்ணுக்கும் நிரந்தர வேலை ஆகிய கோரிக்கைகளை அந்த விவாதம் முன்னெடுக்கட்டும். 2024இல் ஏழு கட்டத் தேர்தல் நடந்தது. ரஹீமின் அணி எந்த இந்தியாவுக்காக ஆடியதோ, அந்த இந்தியாவைக் கூறுபோடுவோரைத் தோற்கடிப்பதே இப்போது ஆடவேண்டிய ஆட்டம்.