கீழ்ப்பாக்கத்துக்கு முன்னால்

மனக்கோளாறு என்றால் ஒன்று முற்றிய பைத்தியம், இல்லையேல் வெறும் வயசுக் கோளாறு, இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை கிடையவே கிடையாது என்ற அபிப்பிராயம் நம் ஜனங்களிடையே ஆழ வேரோடியிருக்கிறது. எங்கள் மணலி புதுநகரில் அதைச் சொல்லக் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒரு வார்த்தை போதும். 1794-லிருந்து சரித்திரமுள்ள ஒரு மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயர் வசைச்சொல்லாகிவிட்டபடியால், அங்கே இழுத்துச் செல்லும் நாள் வரும்வரை பிள்ளைக்கு எதுவுமில்லை என்று சாதிப்பதே பெற்றோருக்குக் கௌரவமாகிவிடுகிறது. இது கௌரவமல்ல, பிள்ளைக்கு இழைக்கும் அநீதி என்பதே என் கட்சி.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், வயது இருபத்துமூன்று. கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட். 'கொஞ்சம் பேசிப் பாருங்க சார்' என்று அவன் தாயார் அழைத்து வந்தாள். கொடுத்த காப்பியை முகர்ந்து பார்த்தான். டம்ளரைக் கையிலேயே வைத்திருந்து, ஆறிப்போன பின் அப்படியே கீழே வைத்தான். பொன்னேரி நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் லாரி பிரேக் போட்டுச் சீறியபோது சட்டென்று திரும்பி, 'இப்ப யாராவது என் பேரைச் சொன்னாங்களா சார்?' என்று கேட்டான். சற்றுப் பொறுத்து, 'இல்ல சார், எனக்குத்தான் அப்படித் தோணுது' என்றான். தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'தை பொறந்தா பொண்ணு பாத்துடலாம், எல்லாம் சரியாயிடும்னு எந்தம்பி சொல்றான்' என்றாள்.

அவனுடைய அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நாம் கேட்கத் தவறுகிறோம். தோன்றுவது பிரமையோ என்று சந்தேகிக்கும் விவேகம் அவனிடம் இன்னும் இருந்தது. சந்தேகம் போய் நிச்சயம் குடிபுகும்போதே அதைச் சித்தப்பிரமை என்பார்கள் வைத்தியர்கள்.

இந்த இடைநிலைக்குத் தனி நோய் என்று பெயர் சூட்டலாமா என்பது உலகறிந்த விவாதம். மெல்போர்னில் பாட்ரிக் மெக்கோரி முதலானோர், வியாதி முற்றுமுன்பே இளைஞரைக் கண்டு உதவும் சிகிச்சை நிலையங்களை 1990-களில் நிறுவினார்கள். அமெரிக்க நோய் நிர்ணயக் கையேட்டின் நான்காம் பதிப்புக்குத் தலைமை வகித்த ஆலன் பிரான்சிஸோ, இதற்குப் பெயர் வைத்தால் நோயாளியல்லாத பிள்ளைகளும் மாத்திரைக்கு இரையாவார்கள் என்று கடுமையாக எதிர்த்தார். 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு, அதை அங்கீகரித்த நோய்களோடு சேர்க்காமல், மேலும் ஆராய வேண்டியவற்றின் வரிசையில் ஒதுக்கிவைத்தது. 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இத்தகைய லட்சணங்களோடு உதவி நாடி வந்தவர்களில் மூன்று வருஷத்துக்குள் நோய்வாய்ப்பட்டவர்கள் நூற்றுக்கு 36 பேர்.

ஆகவே பெயர் வேண்டாம் என்பவர்களோடு எனக்கு விரோதமில்லை. நூற்றில் 64 பேருக்கு அந்தப் பெயர் வீண் பழி, நம் ஊரிலோ அது வேலையையும் சம்பந்தத்தையும் சேர்த்தே பறித்துவிடும். ஆனால் பெயர் வேண்டாம் என்பதை உதவியே வேண்டாம் என்று திரித்து, 'வெளிநாட்டு டாக்டர்களே இதை நோயில்லை என்று விட்டுவிட்டார்கள்' எனப் பேசும் படித்தவர்களை நான் மன்னிக்க மாட்டேன். பிரிட்டனின் வழிகாட்டி நெறி, இந்நிலையிலுள்ளவர்களுக்கு நோய் வராமல் தடுக்கவென்று மனநோய் மாத்திரை கொடுக்கலாகாது என்று சொல்லுகிற அதே மூச்சில், பேச்சுவழிச் சிகிச்சை கொடு என்றும் சொல்லுகிறது. இரவு ஷிப்டை மாற்றித் தூக்கத்தை மீட்பது, கஞ்சாவை விடச்செய்வது, மாதாமாதம் ஒருமுறை பார்த்துப் பேசுவது ஆகிய இவற்றுக்கு நோயின் பெயர் எதற்கு?

கீழ்ப்பாக்கத்தில் பல்லாண்டுகள் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய மனநல அமைப்பான ஸ்கார்ஃப் இதே சென்னையில்தான் இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சுழற்றினால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். இத்தனையும் இருக்க, முன்பின் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வை அரைத்துப் பிள்ளைக்கு மருந்தாகப் புகட்டலாம் என்று துணிகிறோமே, அந்தக் 'கால்கட்டு' யோசனையைப் போன்ற குரூரம் வேறில்லை. அவள் வந்து இவனைக் குணப்படுத்தவும் வேண்டும். குணமாகாவிட்டால் 'வந்த ராசி' என்ற பழியைச் சுமக்கவும் வேண்டும்.

அந்தத் தாயாரிடம் டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். கூடவே போயிருக்க வேண்டும், போகவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் விடியற்காலை, தாய்மாமனும் இரண்டு பேரும் அவன் கைகளைத் துண்டால் கட்டி வேனில் ஏற்றினார்கள். வாசலில் நின்ற என்னை அவன் நேராகப் பார்த்தான். அன்று அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை.