கண்ணெதிரே இருந்த பாடம்

1989-இல் நியூயார்க்கின் அமெரிக்கக் கைவினை அருங்காட்சியகம் மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நாகஷிமாவின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தது. அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். மறு ஆண்டே காலமானார். மரத்தின் கணுவையும் வெடிப்பையும் மறைக்காமல், விளிம்பை அதன் போக்கிலேயே விட்டு அவர் இழைத்த மேசைகளை அந்த ஊர் நின்று பார்த்தது. அவருடைய ஆரம்பகால மரச்சாமான்கள் எங்கள் புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதிக்காக உருவானவை. கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்திலிருந்து அந்த விடுதியின் கட்டட வேலையை மேற்பார்வையிட 1937-இல் வந்தவர் நாகஷிமா. வந்த இடத்தில் ஆசிரமத்தோடு ஒன்றிச் சம்பளத்தை வேண்டாமென்றார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். 1939-இல் அவர் கிளம்பிய பிறகும் கட்டட வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. யாரும் அவசரப்படவில்லை.

கோல்கோண்டின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அந்த முகங்களில் சுவருக்குப் பதில் கிடைமட்டமாக அடுக்கிய சிமெண்ட் பலகைகள். வெயிலுக்கும் மழைக்கும் தக்கபடி அவற்றைத் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களாலான தள்ளு கதவுகள். கதவைச் சாத்தினாலும் காற்று வரும். கூரைத் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்றுக்கு இடைவெளி. கைப்பிடிகளும் கொண்டிகளும்கூட, அன்பர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை.

அந்தப் பித்தளைதான் எங்களை உறுத்துகிறது. எங்கள் வீட்டுக் குடங்களையும் அண்டாக்களையும் நாங்கள் எடைக்குப் போட்டோம். பாட்டி வீட்டுத் தேக்குக் கதவைக் கழற்றி, பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, கரையான் அரிக்காது என்று பிளாஸ்டிக் கதவு மாட்டினோம். திண்ணையை இடித்து வண்டி நிறுத்த இடம் எடுத்தோம். மேற்கு வெயில் முழுக்க அடிக்கும் பக்கம் கண்ணாடி வைத்தோம், அறை தகிக்கவே ஏசி வாங்கினோம். இதையெல்லாம் யாரும் எங்கள் மேல் திணிக்கவில்லை. தச்சர் நாள் கேட்டார். எங்களுக்குப் பொறுக்கவில்லை, கடையில் ஆயத்தமாக இருந்ததை வாங்கினோம். அவர் மகன் வேறு வேலைக்குப் போனதை வருத்தத்தோடு பேசினோம். அப்படிப் போக வைத்ததில் எங்கள் பங்கைப் பேசவில்லை.

குயில் தோப்பிலும் இதுதான் நடந்தது. பாரதியின் குயில் பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் எங்கள் ஊரில் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வோம். தோப்பு சுருங்கியபோது அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தோம்.

கோல்கோண்டுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறோம். அனுமதி கேட்டுப் பார்க்கலாமே என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தெருவில் நின்று அந்தப் பலகைகளைப் பார்க்க அனுமதியும் தேவையில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும்போது வழியை ஒரு தெரு மாற்றினால் போதும்.

நாகஷிமாவின் பெயரை நியூயார்க் காப்பாற்றிக்கொண்டது. இங்கே கலவை சுமந்தவர்கள், பலகை இழைத்தவர்கள் பெயரை யார் காப்பது? அது எங்கள் வேலை, நாங்கள் செய்யவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளும், பழைய வேலைமுறை தெரிந்த மேஸ்திரிகளும் தச்சர்களும் நம் தெருக்களில் இன்னும் இருக்கக்கூடும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து கேட்கலாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் தேக்கு நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்ய அவர்களையே கூப்பிடலாம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்காமல் வேலையைக் கொடுக்கலாம்.