ஆசிரியர் நூலகர்களின் கடமையை வரையறுக்கக் கோரும் மனு

லிங்கநகர்,
திருகோணமலை.

வலயக் கல்விப் பணிப்பாளர்,
வலயக் கல்வி அலுவலகம்,
திருகோணமலை.

பிரதி: மாகாணக் கல்விப் பணிப்பாளர், கிழக்கு மாகாணம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

ஓர் ஆசிரியர் விடுமுறை எடுத்தால் அவரது வகுப்புக்கு முதலில் அனுப்பப்படுபவர் ஆசிரியர் நூலகர். "லைப்ரரியில சும்மாதானே இருக்கிறீங்க" என்ற சொல்லும் கூடவே வருகிறது. அவர் போனதும் நூலகம் பூட்டப்படுகிறது. வாசிக்க வந்த பிள்ளை திரும்பிப் போகிறது. இவ்வழக்கத்தை நிறுத்திச் சுற்றறிக்கை விடுக்க வேண்டும் என்பதே எங்கள் தலையாய கோரிக்கை.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1999 இல் நிறுவப்பட்ட தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனம் ஆசிரியர் நூலகர்களைப் பயிற்றுவிக்கிறது. நூலகப் பணியும் கற்பித்தலே என்பதை அரசு ஏற்றதன் அடையாளம் அது. பாடசாலைக்குள் அந்தப் பார்வை இன்னும் வந்து சேரவில்லை.

இன்று பிள்ளைகளின் கையில் தொலைபேசி இருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி ஒப்படை எழுதும் மாணவி, இணையத்தில் முதலில் கண்டதை அப்படியே பிரதி செய்கிறாள். அதை யார் எழுதினார், எப்போது, எதை ஆதாரமாகக் கொண்டு என்று கேட்கப் பழக்குவது எங்கள் வேலை. ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் 2005 முதல் இலவசமாக வழங்கிவரும் 'நூலகம்' இணையத்தளத்தை அவளுக்குக் காட்டவும் ஆள் வேண்டும். அதற்கு நூலகத்துக்குள்ளேயே கணினியும் இணைய இணைப்பும் தேவை. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு நூலகப் பாடவேளையை நேரசூசியில் சேர்க்க வேண்டும். தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபரில் மட்டும் நூலகத்தை நினைப்பது போதாது.

மனந்திறந்து ஒன்று சொல்கிறோம். பொருட் கணக்கெடுப்பில் குறையும் நூலுக்குத் தாமே பொறுப்பாக நேரும் என்ற அச்சத்தால் நல்ல நூல்களைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டிவைக்கும் நூலகர்கள் இருக்கிறார்கள். இரவல் கொடுத்தால் சில நூல்கள் கிழியும், சில தொலையும். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இல் தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். நியாயமான இழப்பை நிதிப் பிரமாணங்களுக்கு அமையப் பதிவழிக்கத் தெளிவான நடைமுறை தாருங்கள். அலுமாரிகளை நாங்களே திறந்துவிடுகிறோம்.

பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போய்வருவது குடும்பப் பொறுப்புள்ள ஆசிரியைகளுக்குப் பெருஞ்சுமை. வார இறுதி வகுப்புகளைத் திருகோணமலையிலேயே தமிழ்மொழி மூலம் நடத்த ஆவன செய்யுங்கள்.

அடுத்த ஆண்டு நேரசூசி தயாரிக்கப்படுமுன் எங்களோடு கலந்துரையாட ஒரு நாள் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்,
ஆசிரியர் நூலகர் சங்கம், லிங்கநகர்.