“ஓம் மிஸ், விளங்கிச்சு”

கிளினிக்கில் மருந்து உறையைக் கையில் தந்து “விளங்கிச்சுதோ?” எண்டு கேட்டால், எங்கட ஆக்களில் அநேகமானோர் சொல்லும் பதில் ஒண்டுதான்: “ஓம் மிஸ்.” பின்னால் வரிசை நீண்டு கிடக்கும், பஸ்ஸுக்கு நேரம் போகும். விளங்கேல்லை எண்டு சொன்னால் என்ன நினைப்பினமோ என்ற கூச்சம் வேற. அந்த “ஓம்” மரியாதைக்குச் சொல்லுறது. அதை நம்பி எங்கள் தாதியர் கல்வி நடக்கக்கூடாது என்பதே எங்கள் கட்சி.

தாதியியல் ஆய்வாளர் கரோலின் ஸ்பெரோஸ் 2005இல் எழுதிய கட்டுரையொன்று ‘சுகாதார எழுத்தறிவு’ என்ற கருத்தைப் பிரித்துப் பார்த்தது. வாசிக்கவும் எண்களைக் கையாளவும் தெரிவது, வாசித்ததை விளங்கிக்கொள்வது, அதை வைத்துச் சிகிச்சை பற்றி முடிவெடுப்பது, மருத்துவ அமைப்புக்குள் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்வது எல்லாம் அதற்குள் அடங்கும். இதற்கு முன்தேவையாக எழுத்தறிவை மட்டும் அவர் சொல்லவில்லை. சுகாதாரம் தொடர்பான அனுபவத்தையும் சேர்க்கிறார். எழுத்தறிவு 90 வீதத்துக்கு மேல் உள்ள நாடு என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேணும். கம்பஸ் முடிச்ச பிள்ளையும் முதன்முதல் இன்சுலின் ஊசியைக் கையில எடுக்கேக்க புது ஆள்தான்.

அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்று இதை நல்லாய்க் காட்டுகிறது. “இரண்டு குளிசைகள், நாளுக்கு இரு தடவை” என்ற அறிவுறுத்தலைக் குறைந்த எழுத்தறிவு கொண்டவர்களில் 70 வீதமளவானோர் சரியாக வாசித்துச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை குளிசை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் 35 வீதமளவில்தான். வாசிப்புக்கும் கைக்கும் இடையில் அவ்வளவு தூரம்.

எங்கள் நாட்டில் இந்தத் தூரத்தோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. தாதியர் படிப்பு ஆங்கிலத்தில். ‘ஹைப்போகிளைசீமியா’வின் அறிகுறிகளை ஒரு மூச்சில் ஒப்புவிக்கும் மாணவிக்கு, அதைச் சாவகச்சேரி அம்மம்மா ஒருவருக்கு எப்படிச் சொல்வதென்று யார் பழக்குவது? ‘குருதிக் குளுக்கோசு மட்டம் குறைதல்’ என்றால் அது பாடப்புத்தகத் தமிழ். “சீனி இறங்கினா கை நடுங்கும், வேர்க்கும், தலை கிறுகிறுக்கும், உடன சீனித்தண்ணி குடியுங்கோ அம்மா” என்பது வேறொரு திறமை. தமிழ் தெரிந்த தாதிக்கே இந்தப் பாடு. தமிழும் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. இருந்தும், சிங்களம் மட்டும் தெரிந்த தாதியும் தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத் தொழிலாளியும் சந்திக்கிற வார்டில் மிஞ்சுவது தலையாட்டல்தான்.

செய்யக்கூடியது பெரிய வித்தையில்லை. சொன்னதை நோயாளியையே திருப்பிச் சொல்ல வைப்பது. அதையும் பரீட்சை மாதிரிக் கேட்காமல், “நான் சரியாச் சொன்னனோ தெரியேல்லை, வீட்டில போய் மகளுக்கு என்னெண்டு சொல்லுவீங்கள்?” என்று கேட்கலாம். பிழைத்தால் பிழை சொன்னவரில் என்றாகிவிடும், கேட்டவருக்குக் கூச்சமில்லை. இன்னும் ஒருபடி போய், “கந்தசஷ்டி விரதம் வந்தா இந்தச் சீனிக் குளிசையை என்ன செய்வீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். சில வகைச் சீனிக் குளிசைகளைச் சாப்பிடாமல் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். கேட்காவிட்டால் ஆறு நாள் விரதத்தைப் பற்றி எந்த அம்மாவும் தானாகச் சொல்லப் போவதில்லை, ஏச்சு விழுமெண்டு தெரியும்.

“உதுக்கெல்லாம் எங்க நேரம்?” என்ற கேள்வி நியாயமானது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ தாதியர் வெளிநாடு போய்விட்டார்கள், இருப்பவர்கள் ஓடியோடி வேலை செய்கிறார்கள். அவர்களில் குற்றம் சுமத்த நாங்கள் வரவில்லை. ஆனால் சீனி இறங்கி மயங்கி இரவில் வார்டுக்கு வருபவரையும் இதே தாதியர்தான் பார்க்க வேணும்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறொன்று. டொன் நட்பீம் 2000இல் சுகாதார எழுத்தறிவை மூன்று படியாக வகுத்தார். மேல்படி விமர்சன நிலை: கிடைக்கும் தகவலை எடைபோட்டு, கேள்வி கேட்டு, தன் நிலைமையில் தானே கை வைக்கக்கூடிய நிலை. வார்டில் “ஏன் மிஸ்?” என்று கேட்கப் பயந்து பயிற்சி முடிக்கும் மாணவி, நோயாளியை “ஏன்?” என்று கேட்கப் பழக்குவாளா? மேலே டொக்டருக்கு “யெஸ் சேர்”, கீழே நோயாளியிடமிருந்து “ஓம் மிஸ்”. இரண்டும் ஒரே பாடம்தான்.

ஆகவே செயன்முறைப் பரீட்சையில் கட்டில் விரிப்பதற்கும் ஊசி போடுவதற்கும் புள்ளி போடுவதுபோல் இதற்கும் போடுங்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவரை முன்னால் இருத்தி, மாணவி அவருடைய மொழியில் விளக்கட்டும். பிறகு மாணவியை வெளியே அனுப்பிவிட்டு, அந்த அம்மாவிடம் குளிசைகளைக் கொடுத்து எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். புள்ளியை அதைப் பார்த்துப் போடலாம்.