உப்பு விளைந்த ஊரில் ‘சால்ட்’

கேளம்பாக்கம் உப்பு விளைந்த ஊர். கோவளத்திற்குச் செல்லும் சாலையோரம் பாத்தி கட்டி, உப்பங்கழி நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, உழைப்பாளர் வாரிக் குவித்த வெண்பொருளுக்கு உப்பு என்பதே பெயர். அவ்வூரில் இன்று எழுந்து நிற்கும் அடுக்ககங்களிலோ ‘கொஞ்சம் சால்ட் ஆட் பண்ணு’ என்னும் குரலே கேட்கிறது. உப்பு விளைந்த மண்ணிலேயே உப்பென்னும் சொல் கரைந்து போவதினும் பெரிய இழிவு வேறுண்டோ?

சிறுசேரிக் கணினித் தொழிற்பூங்கா வந்தபின் அவ்வட்டாரத்தின் வாழ்வு மாறிவிட்டது. பன்னாடு கண்டு திரும்பியோர் பலர் அங்குக் குடியிருக்கின்றனர். விடுமுறை நாளில் இத்தாலியரின் மாவுணவும், பிரெஞ்சுக்காரரின் பாலேட்டு இனிப்பும், சீனரின் இழையுணவும் வீட்டடுப்பிலேயே ஆக்கப்படுகின்றன. இதில் குற்றமேதும் இல்லை. பிறநாட்டுச் சுவையை வெறுத்தொதுக்குவது தமிழர் வழக்கன்று.

மிளகாய் அமெரிக்க மண்ணில் தோன்றியது. 1498-இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தபின், போர்த்துக்கீசியர் வழியாக இந்நிலத்துக்கு வந்தது. வந்த பொருளுக்குத் தமிழர் தம் மொழியிலேயே பெயரிட்டனர். மிளகைப்போல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. உருண்ட கிழங்கு உருளைக்கிழங்கு ஆயிற்று. தமிழ்ச்சொல்லும் கடல் கடந்தது. கறி ஆங்கிலத்தில் ஏறியது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடாணி’ என்னும் பெயரில் ஆங்கிலேயர் உண்கலத்தை அடைந்தது.

இன்று பெருமையாக ஒலிக்கும் அயற்பெயர்களின் பொருள்தான் என்ன? ‘ஸ்பகெட்டி’ என்றால் இத்தாலியர்க்குச் சிறு கயிறுகள். ‘வெர்மிசெல்லி’ என்றால் சிறு புழுக்கள். ‘திராமிசு’ என்றால் என்னைத் தூக்கிவிடு. பிரெஞ்சுக்காரரின் ‘கிரெம் புருலே’ எரித்த பாலேடு, அவ்வளவே. அவரவர் தத்தம் தாய்மொழியில் கண்டதைக் கண்டபடி கூறினர். அதற்கு அவர்கள் நாணவில்லை. பனிக்கூழ் என்று சொல்லத் தமிழர் மட்டும் நாணுவானேன்?

புதுப் பண்டம் அனைத்திற்கும் ஒரே நாளில் பெயர் அமைந்துவிடாது. சிலவற்றின் பெயர் அயற்பெயராகவே சிலகாலம் நிற்கலாம். ஆயினும் இருக்கும் சொல்லை இழப்பதற்கு எக்கரணியமும் இல்லை. எண்ணெயின்றியோ சிறிதே விட்டோ சூடேற்றுவது வறுத்தல். எண்ணெய் நிறைய விட்டு மூழ்கச் செய்வது பொரித்தல். சிறிது எண்ணெயில் புரட்டிச் சுருங்கவைப்பது வதக்கல். ‘ஃப்ரை பண்ணு’ என்னும் கலப்பு இம்மூன்றையும் ஒருங்கே விழுங்குகிறது. அவித்தல், வாட்டல், மசித்தல், கடைதல், தாளித்தல் ஆகியனவும் இவ்வாறே மறைந்துவருகின்றன. சொல் மறைந்தால் அச்சொல் காட்டிய நுட்பமும் மறையும்.

குழந்தை மொழி கற்பது முதலில் பள்ளியிலன்று, அடுக்களையில். தாயும் தந்தையும் மாவு பிசைகையில் அருகே நின்று கேட்கும் சொல்லே அதன் நாவில் ஊன்றும். அங்கே வெண்ணெயும் பாலும் சருக்கரையும் முட்டையும் ஆங்கிலப் பெயரால் வழங்கினால், பின்னர் எப்பாடநூலும் அவற்றை மீட்டுத் தராது.

கேளம்பாக்கத்து வீடுகள் எந்நாட்டு உணவையும் ஆக்கட்டும், சுவைத்து மகிழட்டும். ‘மாவைப் பிசை, வெண்ணெயை உருக்கு, பாலாடைக்கட்டியைத் துருவு, தீயைத் தணி’ என்று சொல்லிச் சமைத்தால் இத்தாலிய உணவின் சுவை குன்றாது. அடுப்பில் அயல்நாட்டுப் பண்டம் வேகலாம். தாய்மொழி வெந்து சாம்பலாகக் கூடாது.